கேளாமல் இடுதல்: பசியும் நாணமும் குறித்து



நம் நாட்டில் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் எழும் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" என்பது. மலாய் நண்பர் "சுடா மாக்கான்?" என்கிறார். சீன நண்பரும் தம் மொழியில் அதையேதான் கேட்கிறார். நலம் கேட்பதற்கு உணவைக் கேட்பது இம்மண்ணின் அழகிய வழக்கம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்; அப்பெருமைக்கு இடமும் உண்டு. ஆயினும் இக்கேள்விக்கு வழக்கத்தில் ஒரே ஒரு விடைதான் இருக்கிறது. உண்டவரும் "ஆயிற்று" என்கிறார். உண்ணாதவரும் "ஆயிற்று" என்கிறார். "இல்லை, நேற்று முதல் வீட்டில் அரிசி இல்லை" என்று ஒருவர் மெய்யாகவே விடை சொல்லிவிட்டால், கேட்டவர் அடுத்து என்ன பேசுவதென்று அறியாமல் திகைப்பார்.

பசித்தவர் ஏன் கேட்பதில்லை என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். உதவி இல்லாமையால் பசித்திருப்போரைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. உதவி எட்டும் தொலைவில் இருந்தும் கை நீட்டாமல் பசித்திருப்போரைப் பற்றி நாம் பேசுவது குறைவு. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உணவு வழங்கும் கோயில்கள் உள்ளன, குருத்துவாராக்கள் உள்ளன, தொண்டு நிறுவனங்கள் உள்ளன, சமூக நல இலாகா உள்ளது. இவற்றுக்கும் ஒரு வீட்டு அடுப்புக்கும் இடையே ஒரு சுவர் நிற்கிறது. நாணம், வெட்கம், கூச்சம், இளிவரவு என்று அச்சுவருக்கு நம் மொழியில் பல பெயர்கள் வழங்குகின்றன. மொழிக்கென அமைந்த பேரவையில் இதைப் பேசுவது பொருத்தமே. அச்சுவரின் கற்களுள் பல, நாம் வகுப்பறையில் கற்பிக்கும் சொற்கள்.

2021ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். அவ்வாண்டு ஜூன் முதல் நாள் நாடு தழுவிய முழு நடமாட்டக் கட்டுப்பாடு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. நாட்கூலியை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது மூன்றாவது அடியோ நான்காவது அடியோ. கையிருப்பு முந்திய ஆண்டே கரைந்திருந்தது. அம்மாத இறுதியில் 'பெண்டேரா பூத்தே', அதாவது வெள்ளைக்கொடி என்னும் இயக்கம் சமூக ஊடகங்கள் வழியே எழுந்தது. உணவு இல்லாதவர் யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம்; விண்ணப்பம் வேண்டாம்; வீட்டு முன்புறத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால் போதும்; கண்டவர் கொண்டுவந்து கொடுப்பார். இதுவே அதன் நடைமுறை. சில நாட்களில் நாடெங்கும் துணிகள் தொங்கின. அக்கம்பக்கத்தார் அரிசியும் முட்டையும் பால்மாவும் கொண்டு போயினர். கொடி பறக்கும் இடங்களைக் காட்டும் இணைய வரைபடங்களை இளைஞர்கள் உருவாக்கினர்.

அதை எதிர்த்த குரல்களும் எழுந்தன. வெள்ளைக்கொடி தோல்வியின் அடையாளம், கொடியை உயர்த்துவதைவிடக் கைகளை உயர்த்தி இறைவனை வேண்டுக என்றார் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர். கொடி ஏற்றுவோருக்கு உதவப் போவதில்லை என்று கெடா மாநில மந்திரி புசார் அப்போது கூறியதும் செய்தியாயிற்று. இக்குரல்களை அரசியலாக மட்டும் கண்டு கடந்துவிடலாகாது. பசியை வெளியே காட்டுவது இழுக்கு என்னும் எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதையும் அவை காட்டின.

கொடி ஒரு வேலையை மிக நன்றாகச் செய்தது. வாய் திறந்து கேட்க வேண்டிய கட்டாயத்தை அது நீக்கியது. ஆனால் இன்னொன்றை அதனால் நீக்க இயலவில்லை. துணியைக் கட்டியதும் உதவுபவர் கண்ணோடு ஊரார் கண்ணும் அவ்வீட்டின்மேல் படுகிறது. தரைவீட்டுத் தெருவில் கொடி கட்டினால் தெரு முழுதும் அறியும். அடுக்குமாடியில் கட்டினால் தளம் முழுதும் அறியும். கேட்கும் நாணத்தைத் தீர்த்த கொடி, காணப்படும் நாணத்தை அப்படியே விட்டுவிட்டது. இந்த இரண்டையும் பிரித்து அறிவது முதன்மையானது. நம் இலக்கியம் அவற்றை முன்பே பிரித்து அறிந்திருந்தது என்பது நம் துணிபு.

திருக்குறளின் 106ஆம் அதிகாரம் 'இரவு'. 107ஆம் அதிகாரம் 'இரவச்சம்'. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். பின்னதை மட்டும் எடுத்துக்கொண்டு, 'வள்ளுவர் இரத்தலைக் கண்டித்தார்' என்று மாணவரிடம் சொல்லி முடித்துவிடுகிறோம். இழிவு எந்த இடத்தில் நேர்கிறது என்று அவர் காட்டுவதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதைப் பற்றிய குறளில் அவர் சுட்டும் உறுப்பு நாக்கு. வாங்கும் கையை அவர் அங்கே பழிக்கவில்லை. உண்ணும் வயிற்றையும் பழிக்கவில்லை. கேட்பதே இழிவின் பிறப்பிடம் என்கிறார். அதே அதிகாரத்தில், இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் கெட வேண்டியவன் உலகை இயற்றியவனே என்று சினந்து சொல்கிறார். குற்றத்தை இரப்பவன் தலையில் ஏற்றாமல், அப்படி ஒரு நிலை நேர உலகை அமைத்தவன் மேல் ஏற்றுகிறார். வறியவரை இகழ்வதற்கு இவ்வதிகாரத்தைத் துணைக்கு அழைப்போர் அக்குறளைப் படிப்பதில்லை போலும்.

'ஈகை' அதிகாரத்தின் மூன்றாம் குறள் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 'இல்லை' என்னும் துன்பச் சொல்லைச் சொல்லாமல் கொடுப்பது நற்குடிப் பிறந்தாரின் இயல்பு என்பது அதன் கருத்து. அச்சொல்லைச் சொல்லாதவர் யார்? கொடுப்பவரா, பெறுபவரா? சொற்றொடர் இருபுறமும் திரும்ப இடம் தருகிறது. பரிமேலழகர் ஒரு பொருளோடு நிற்காமல் வேறு உரைகளையும் எடுத்துக்காட்டுகிறார். வறியவன் தன் இளிவரவை வாயால் சொல்லுமுன் குறிப்பறிந்து கொடுத்தல் என்னும் பொருளும் மரபில் வழங்கிவருகிறது. உயர்வகுப்பு மாணவருக்கு இக்குறளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த உரை வேறுபாட்டைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று விரும்புகிறோம். இலக்கண நுட்பமாக மட்டுமன்றி, ஒரு நலத்திட்டத்தின் வரைவாகவும் அது விளங்கத்தக்கது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் இங்கே துணைநிற்கிறது. எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரலும் ஒன்று. முதுமை, நோய், வருத்தம், மென்மை ஆகிய நான்கிலிருந்து அது தோன்றும் என்று நூல் வகுக்கிறது. மென்மை என்பதை வறுமை எனக் கொள்ளும் உரை உண்டு. இன்று உணவு உதவி தேவைப்படுவோர் யாவர் என்று ஒரு பட்டியல் எழுதினால் தனித்து வாழும் முதியோர், நோயுற்றோர், உழைத்துச் சோர்ந்தோர், பொருளற்றோர் என்றுதான் வரும். உதவி யாருக்கு மிகவும் வேண்டுமோ அவருக்கே அதை நாடும் மனத்தடையும் மிகுதி. இதில் வியப்பு ஏதுமில்லை.

இனி மானத்தைப் பற்றி. புறநானூற்றின் 74ஆம் பாட்டை நம்முள் பலர் மனப்பாடமாக அறிவோம். சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை தண்ணீர் கேட்கிறான். காவலர் உடனே தரவில்லை. காலம் தாழ்த்தித் தருகின்றனர். கையில் வாங்கியும் அவன் அதைக் குடிக்கவில்லை. அவ்வாறே உயிர் விட்டான் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. இதை மானத்தின் எடுத்துக்காட்டாக நாம் கற்பிக்கிறோம். கற்பிக்கலாம். ஆனால் அவன் ஓர் அரசன். அவனை அவமதித்தவர் பகைவர். அரசனுக்கு வகுத்த அறத்தை மூன்று பிள்ளைகளோடு ஓர் அறை வீட்டில் வாழும் துப்புரவுத் தொழிலாளியின் தோளில் ஏற்றலாமா? 'சாகலாம், கேட்கக் கூடாது' என்னும் பேச்சை நாம் மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவருள் ஒருவர் அன்று காலை உண்ணாமல் வந்திருக்கக்கூடும்.

அந்த மாணவர் தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டிலேயே ஆத்திசூடியைக் கற்றவர். அதில் ஏகாரத்தில் தொடங்கும் அடி ஏற்பதைப் பழிக்கிறது. அகரவரிசையில் அதற்கு அடுத்த ஐகார அடி பிறருக்கு இட்டு உண்ணச் சொல்கிறது. அதற்கும் அடுத்த ஒகர அடி ஒப்புரவோடு வாழச் சொல்கிறது. மூன்றும் ஓர் ஒழுங்கில் நிற்பவை. பிரித்தால் பொருள் கெடும். ஏற்பதை இழிவென்று சொன்ன வாய் அதே மூச்சில் இடுவதைக் கடமையாக்குகிறது. ஆறு வயதுப் பிள்ளை முதல் அடியைத் தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த இரண்டும் பிறரைப் பற்றியவை என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? காலையில் அந்த அடியை ஓதிவிட்டு, ஓய்வு நேர மணி அடித்ததும் 'ஆர்.எம்.தி. பிள்ளைகள் மட்டும் முதலில் வாருங்கள்' என்னும் அழைப்புக்கு அப்பிள்ளை எழுந்து நடக்க வேண்டும்.

ஆர்.எம்.தி. எனப்படும் துணை உணவுத் திட்டம் 1979ஆம் ஆண்டு முதல் நம் தொடக்கப்பள்ளிகளில் நடைபெற்று வருகிறது. நாட்டின் சிறந்த நலத்திட்டங்களுள் ஒன்று என்று அதைத் தயக்கமின்றிச் சொல்வோம். அதன் பயனை உண்டு வளர்ந்து இன்று ஆசிரியராய் அமர்ந்திருப்போரும் நம்முள் இருக்கக்கூடும். பெற்றோர் வருமானத்தைக் கொண்டே பெரும்பாலும் மாணவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. தேர்வு எங்கே புலப்படுகிறது என்பதே கேள்வி. அது அலுவலகக் கோப்பில் இருந்தால் எவருக்கும் தீங்கில்லை. சிற்றுண்டிச்சாலையில் தனி மேசையாக, தனி நிறத் தட்டாக, தனி வரிசையாக, ஒலிபெருக்கியில் படிக்கும் பெயராக மாறும்போது அது முத்திரையாகிவிடுகிறது. நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் பிள்ளைகளுக்குக் கண் கூர்மையாகிவிடும். 'எனக்குப் பசிக்கவில்லை, ஐயா' என்று அந்த வயதில் ஒரு பிள்ளை சொன்னால் ஆசிரியர் இருமுறை கேட்க வேண்டும்.

பசி கற்பனையன்று. 2018ஆம் ஆண்டில் யுனிசெப் நிறுவனம் கோலாலம்பூர் வட்டாரத்தின் 17 மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடத்திய ஆய்வை வெளியிட்டது. அங்கிருந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர். 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஏறத்தாழப் பத்தில் ஒரு பிள்ளைக்கு நாளில் மூன்று வேளை உணவு இல்லை. வானளாவிய கட்டடங்களின் நிழல் விழும் தொலைவில் உள்ள வீடுகளின் கணக்கு இது. பெருந்தொற்றுக்கு முன்பே எடுத்த கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

நம்மவருக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குத் தெரியும், புகையே சொல்லிவிடும். இரவல் அரிசி, இரவல் சீனி, இரவல் எண்ணெய் என்று லயத்தின் நீளம் முழுதும் கிண்ணங்கள் போய் வந்தன. 'இரவல்' என்னும் சொல் இரத்தலோடு உறவுடையதுதான். ஆனாலும் அங்கே அது இழிவாக ஒலிக்கவில்லை. இன்று கொடுத்தவர் நாளை வாங்குவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லயம் ஒரு பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள், துரைகள் முன்னிலையில் மிதிவண்டியில் ஏறிச் செல்லும் உரிமையும் ஒன்று. கூலி உயர்வு கேட்ட அதே பட்டியலில் அதுவும் இருந்தது. வயிற்றுக்கும் மதிப்புக்கும் அவர்கள் ஒரே மூச்சில் போராடினர். நம் பாட்டன்மார், உரிமையாகக் கேட்பதற்கு நாணியவர்கள் அல்லர்.

1980களுக்குப் பின் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங், லெம்பா பந்தாய் என்று நகர்ந்தன. அடுக்குமாடியில் இரும்புக் கதவு மூடியிருக்கும். எரிவாயு அடுப்பில் புகை இல்லை. ஒன்பதாம் தளத்தில் நடப்பது பத்தாம் தளத்துக்குத் தெரியாது. லயத்தில் குறிப்பால் அறிந்ததை இங்கே வாய்விட்டுச் சொன்னால்தான் பிறர் அறிவர். வாய்விட்டுச் சொல்வதுதான் இயலாத செயலாக இருக்கிறது.

நாணமின்றி உண்ணும் இடமே நம்மிடம் இல்லையா? உண்டு, ஏராளமாக உண்டு. தைப்பூசத்தன்று பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல்களிலும் அன்னதானப் பந்தல்களிலும் வழக்கறிஞரும் லாரி ஓட்டுநரும் ஒரே வரிசையில் நின்று தட்டேந்துகின்றனர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கிள்ளான் சுந்தரராசப் பெருமாள் கோயிலில் கூடும் பெருங்கூட்டத்தில் எவரும் எவருடைய வருமானத்தையும் கேட்பதில்லை. பிரிக்பீல்ட்ஸ் கோயில்களின் விழாப் பந்தியிலும் அப்படியே. குருத்துவாராவின் லங்கரில் எல்லோரும் தரையில் ஒன்றாய் அமர்கின்றனர். நோன்பு மாதத்தில் கம்போங் பாரு பள்ளிவாசலில் வழங்கும் 'பூபோர் லம்போக்' கஞ்சிக்குப் பல இனத்தாரும் வரிசையில் நிற்பதைக் காணலாம். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே பசி ஒன்றே தகுதி.

பந்தியில் ஏன் நாணம் இல்லை? பசியாதவரும் அங்கே அமர்வதால்தான். வந்திருப்பவர் பக்தரா பசித்தவரா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உண்பது அருளாகவோ விருந்தாகவோ பெயர் பெறுகிறது. ஆனால் பந்தி நாள்தோறும் இல்லை. செவ்வாய்க்கிழமை இரவு ஒரு வீட்டில் அரிசி தீர்ந்தால் அடுத்த பூசைவரை காத்திருக்க இயலாது. அந்த இடைவெளியை நிரப்பத் தொண்டு அமைப்புகள் உணவுப் பொட்டலங்களோடு வருகின்றன. அவற்றோடு சில வேளைகளில் ஒளிப்படக் கருவியும் வருகிறது. நம் தமிழ் நாளிதழ்களின் தீபாவளிக் காலப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அரிசி மூட்டையின் ஒரு முனையை வழங்குபவர் பிடித்திருப்பார். மறுமுனையைப் பெறுபவர் பிடித்திருப்பார். வழங்குபவர் படக்கருவியைப் பார்த்துச் சிரிப்பார். பெறுபவர் எங்கே பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் இக்கட்டு உண்மையானது, அதை மறுக்கவில்லை. மூட்டைகளைப் படம் எடுத்தாலும் கணக்குக் காட்டலாம்.

கேட்காமல் கொடுத்தால் மட்டும் போதுமா என்றால் போதாது என்கிறார் பெருஞ்சித்திரனார். புறநானூற்று 208ஆம் பாட்டின் பின்னணி அது. அவர் அதியமானை நாடிச் சென்றபோது, அவன் அவரை நேரில் காணாமலேயே பரிசில் அனுப்பி, கொண்டுசெல்லச் சொன்னான். அவர் வாங்க மறுத்துவிட்டார். தம்மை ஊதியத்துக்கு வந்த வாணிகப் பரிசிலராய் அவன் கருதியது அவருக்குப் பொறுக்கவில்லை. அவருக்கும் வீட்டில் வறுமை உண்டு என்பதை அவர் பாடிய பிற பாடல்களால் அறிகிறோம். தம் பசி காணப்படுவதை அவர் அஞ்சவில்லை. தாம் புலவராகக் காணப்படாததே அவரைத் தைத்தது. இலக்கத்தைக் கூப்பிட்டுப் பொட்டலத்தை நீட்டும் வரிசைகளை நடத்துவோர் இப்பாட்டை ஒருமுறை படிக்கலாம். பெயரைக் கேட்டு, "ஐயா", "அம்மா" என்று விளிப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

அரசின் முயற்சிகளுக்கு வருவோம். பெயர்கள் மாறிய கதையே மொழி மாணவருக்கு ஒரு பாடம். 2012இல் தொடங்கிய ரொக்க உதவியின் பெயரில் 'பந்துவான்' என்னும் சொல் இருந்தது. உதவி என்று பொருள். 2023இல் 'சும்பாங்கான் துனாய் ரஹ்மா' என்னும் பெயர் வந்தபோது 'பந்துவான்' மறைந்து, பங்களிப்பு என்று பொருள்படும் 'சும்பாங்கான்' வந்து அமர்ந்தது. பெயரை மாற்றினால் பசி மாறுமா என்று நகைப்போர் உண்டு. வயிறு மாறாது, வரிசையில் நிற்பவரின் முகம் சற்று மாறக்கூடும்.

அவ்வாண்டு ஜனவரியில் அப்போதைய அமைச்சர் சலாவுடின் ஆயோப் 'மெனு ரஹ்மா'வைத் தொடங்கிவைத்தார். ஐந்து ரிங்கிட்டுக்கு மிகாத விலையில் ஒரு வேளைச் சோறு. பிரெஸ்மா என்னும் இந்திய முஸ்லிம் உணவகத்தார் சங்கமும் அதில் பங்கெடுத்தது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது அதன் சிறப்பு. தமிழ்நாட்டில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயால் அரசுக்குப் பெரிய வருமானம் இல்லை. ஆனால் காசு கொடுத்து உண்பவர் இரப்பவர் ஆகார், வாடிக்கையாளர் ஆகிறார். சிறு விலை ஒரு திரை. பல வேளைகளில் இலவசத்தைவிட அத்திரை மிகுதியான வயிறுகளை நிரப்பும் என்று நாம் எண்ணுகிறோம். அதே வேளையில், அந்த ஒரு ரூபாயும் இல்லாதவர் அத்திரைக்கு வெளியே நின்றுவிடுவார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் உணவு உதவி நெடுங்காலம் வண்ணத் தாள்களாக வழங்கப்பட்டது. கடை முகப்பில் அத்தாளை எடுத்ததும் பின்னால் நிற்பவர் எல்லாரும் அறிவர். பின்னர்ப் படிப்படியாக அது வங்கி அட்டை போன்ற அட்டையாக மாறி, 2004க்குள் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 'சாரா' எனப்படும் அடிப்படைப் பொருள் உதவி, எல்லோர் பையிலும் இருக்கும் அடையாள அட்டை வழியே செல்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் ஒருமுறை நூறு ரிங்கிட் அவ்வட்டையில் சேர்க்கப்பட்டது. வசதியுள்ளோருக்கு ஏன் என்ற கேள்வி எழுந்தது, நியாயமான கேள்விதான். ஆயினும் மாதந்தோறும் சாரா பெறும் ஒரு மூதாட்டியின் முன்னும் பின்னும் பேராசிரியரும் கடை முதலாளியும் அதே அட்டையை நீட்டி நின்ற நாட்கள் அவை. அவரை எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய நூலில், பொதுவிடத்தில் நாணமின்றி வரத் தேவையானவற்றையும் வாழ்வின் இன்றியமையாப் பொருள்களுள் சேர்த்தார். அவர் காலத்துக் கூலியாளுக்கு நாரிழைச் சட்டை அத்தகையது என்றார். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் பிற்காலத்தில் அதை விரித்து, நாணமின்றிப் பொதுவாழ்வில் பங்குகொள்ளும் ஆற்றலை வறுமையின் அளவுகோல்களுள் ஒன்றாக்கினார். தோட்டத்துச் சீருடைப் பிள்ளைகளை அறிந்த நமக்கு இக்கருத்து அயலானதன்று.

பள்ளி உணவில் இதற்குத் தீர்வு கண்ட நாடுகள் உண்டு. பின்லாந்து 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் நண்பகல் உணவு தருகிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய காலையுணவுத் திட்டம் அரசுத் தொடக்கப்பள்ளி வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் உரியது. வருமானச் சான்று கேட்பதில்லை. நம் நாட்டிலும் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் இலவசக் காலையுணவு என்னும் திட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டு, 2020 ஜனவரியில் தொடங்குவதாக இருந்தது. அறிவித்த வடிவில் அது நிறைவேறவில்லை. செல்வர் பிள்ளைக்கு ஏன் அரசுச் சோறு என்ற வாதம் அப்போது உரக்க ஒலித்தது. செல்வர் பிள்ளையின் பசிக்காக அன்று. அவர் அருகில் அமர்ந்து உண்ணும் பிள்ளையின் மதிப்புக்காக என்பதே நம் விடை. அச்செலவைத் தாங்கும் நிலையில் கருவூலம் இல்லை என்றால், குறைந்தது தட்டுகளாவது ஒரே நிறத்தில் இருக்கட்டும்.

வகுப்பறையில் வழங்கும் சொற்களையும் பார்க்க வேண்டும். 'தண்டச்சோறு', 'ஓசிச் சோறு' என்னும் வசவுகளை மாணவர் விளையாட்டாய்ச் சொல்கின்றனர். ஆசிரியரும் சில வேளை சொல்லிவிடுகிறோம். உழைப்பின் மேன்மையை உணர்த்த எழுந்த சொற்கள் அவை என்று வாதாடலாம். ஆனால் அவை போய்த் தைக்கும் இடம் சோம்பேறியின் நெஞ்சு அன்று. 'செஞ்சோற்றுக்கடன்' என்பது இன்னும் கனமானது. உண்ட சோற்றுக்காகக் கர்ணன் உயிரையே கொடுத்தான் என்று பேசிப் பேசி, பெற்ற ஒவ்வொரு பிடிச் சோறும் ஆயுள் கடன் என்னும் எண்ணத்தை விதைத்துவிட்டோம். உணவுப் பொட்டலத்தை மறுக்கும் முதியவர் பலர், இக்கடனை எப்படித் தீர்ப்பது என்ற அச்சத்தால் மறுக்கின்றனர். கர்ணனோடு மணிமேகலையையும் கற்பிப்போம். அமுதசுரபி ஏந்திய அவள் எவரையும் கடனாளி ஆக்கவில்லை. சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்தவள் அவள்.

இறுதியாக, ஆசிரியர்கள் நாளையே செய்யத்தக்க ஒன்று. ஆண்டுத் தொடக்கத்தில் துணை உணவுத் திட்டம் குறித்துப் பெற்றோருக்குக் கடிதம் அனுப்புகிறோம். அதன் தமிழ் வடிவத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். 'வறிய குடும்பத்தைச் சேர்ந்த மாணவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்பது போன்ற தொடர் இருந்தால், விண்ணப்பிக்க விரும்பும் தந்தை முதலில் தம்மை வறியவர் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அத்தாளைத் தம் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும். பெற்றோர் வருமானம் பள்ளியின் மாணவர் தரவுத்தளத்தில் ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது. தகுதியை நாமே அறிந்துகொள்ளலாம். இப்பேரவை ஒரு மாதிரிக் கடிதம் எழுதித் தமிழ்ப்பள்ளிகளுக்கு அனுப்பலாம் என்று முன்மொழிகிறோம். அதற்கு இரண்டு வரி போதும்: 'தங்கள் பிள்ளைக்கு இவ்வாண்டு பள்ளியில் உணவு ஒதுக்கப்பட்டுள்ளது. வேண்டாம் எனில் மட்டும் வகுப்பாசிரியருக்குத் தெரிவிக்கவும்.'